மருத்துவமனைக் கிருமிகளின் மருந்தெதிர்ப்பும் அதனைச் சொல்லும் தமிழும்: என்.டி.எம்.-1 மரபணுவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைகளில் பரவும் பாக்டீரியாக்கள் மருந்துகளுக்குக் கட்டுப்படாமற்போவது இன்றைய மருத்துவத்தின் தலையாய சிக்கல்களுள் ஒன்று. 2008ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, 2010இல் உலகக் கவனத்தைப் பெற்ற என்.டி.எம்.-1 என்னும் நொதியின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, இவ்வெதிர்ப்பு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு பரவுகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வரலாற்றில் சென்னைக்குரிய இடமும், பெயரிடுதலால் எழுந்த சர்ச்சையும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ‘எதிர்ப்பு’ என்னும் ஒரே சொல் தமிழில் பல பொருள்களைச் சுமப்பதால் நோயாளியின் குடும்பத்திற்கு நேரும் மயக்கமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நுண்ணுயிர்க்கொல்லி, மருந்தெதிர்ப்பு, என்.டி.எம்.-1, கார்பாபெனம், பிளாஸ்மிட், சென்னைப் பிரகடனம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளரின் உறவினர் ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் ‘கல்ச்சர்’ அறிக்கை வந்தது. ஒரு பக்கம் மருந்துகளின் பெயர்கள். அவற்றிற்கு எதிரே ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ‘ஆர்’ என்றே இருந்தது. அதன் பொருளைக் கேட்டபோது, பணியிலிருந்தவர் “எதிர்ப்பு இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். குடும்பத்தார்க்குப் பெரும் ஆறுதல். நோயாளியின் உடம்பில் இன்னும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அவர்கள் பொருள் கொண்டனர். மறுநாள் மருத்துவர் அமர்ந்து விளக்கிய பின்னரே, எதிர்ப்பு நோயாளியுடையது அன்று, கிருமியுடையது என்பது புரிந்தது.

அந்த ஓர் இரவின் மயக்கமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பிழை அந்தப் பணியாளருடையது என்று சொல்லிவிட இயலாது. அவர் சொன்ன சொல் அகராதிப்படி சரியானதே. எனவே முதலில் பொருளை விளங்கிக்கொண்டு, பின்னர்ச் சொல்லுக்கு வருதல் பொருத்தமாகும்.

எதிர்ப்பு யாருடையது

மருந்தெதிர்ப்பு குறித்துப் பரவலாக நிலவும் தவறான கருத்து ஒன்றுண்டு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப உட்கொண்டால் உடல் அதற்குப் பழகிவிடும், அதனால் மருந்து வேலை செய்யாமற்போகும் என்பதே அக்கருத்து. உண்மையில் பழகுவது உடல் அன்று. நம் குடலிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை பெருகும்போது மரபணுவில் சிறு பிழைகள் நேர்கின்றன. பிற பாக்டீரியாக்களிடமிருந்து மரபணுத் துண்டுகளும் வந்து சேர்கின்றன. இவற்றால் ஒரு சில உயிரிகள் குறிப்பிட்ட மருந்துக்குத் தப்பும் தன்மையைப் பெறுகின்றன. மருந்து உள்ளே செல்லும்போது தப்ப இயலாதவை அழிந்து, தப்பியவை வெற்றிடத்தை நிரப்புகின்றன. ஆக, மருந்து எதிர்ப்பைப் படைப்பதில்லை. முன்னரே இருந்த எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது.

இது பழைய செய்தி. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினை 1928இல் கண்டறிந்தார். அது மருந்தாகப் பரவலான பயன்பாட்டுக்கு வருமுன்னரே, 1940இல், அதனைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாமும் செயினும் அறிவித்துவிட்டனர். 1945ஆம் ஆண்டு நோபல் உரையில் ஃபிளெமிங், போதிய அளவின்றி மருந்தை உட்கொள்வதால் கிருமிகள் எதிர்ப்புப் பெறும் என எச்சரித்தார். அந்நொதிக்குத் தப்புமாறு வடிவமைக்கப்பட்ட மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

வளையமும் நொதியும்

பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பாபெனம் ஆகிய மருந்துக் குடும்பங்கள் யாவற்றின் நடுவிலும் பீட்டா-லாக்டம் எனப்படும் நான்கு அணுக்களாலான வளையம் ஒன்று உள்ளது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது, அதன் இழைகளைக் குறுக்காகப் பிணைக்கும் புரதங்கள் உண்டு. பீட்டா-லாக்டம் வளையம் அப்புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. சுவர் பிணைப்பின்றிப் போக, உள்ளழுத்தம் தாங்காது செல் வெடிக்கிறது. மனித செல்லுக்குச் சுவரே இல்லையாதலால் இம்மருந்து நம்மை அவ்வாறு தாக்குவதில்லை.

பாக்டீரியாவின் தற்காப்பும் அவ்வளையத்தைக் குறிவைத்ததே. பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதிகள் வளையத்தைப் பிளந்துவிடுகின்றன. பிளந்த வளையத்தால் பயனில்லை. பல்வேறு பீட்டா-லாக்டமேஸ்களுக்கும் தாக்குப்பிடித்த கார்பாபெனம் மருந்துகள் நெடுங்காலம் கடைசிக் கையிருப்பாக இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாம் கேள்வியுறும் இமிபெனம், மெரோபெனம் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றையும் சிதைக்கும் நொதிகளுக்குக் கார்பாபெனமேஸ் என்று பெயர்.

கார்பாபெனமேஸ்களுள் ஒரு பிரிவு துத்தநாக அயனிகளைத் தன் செயற்களத்தில் கொண்டது. அவ்வயனிகள் நீர் மூலக்கூறு ஒன்றைத் தூண்டி, அதைக் கொண்டு வளையத்தைப் பிளக்கின்றன. உலோகத்தைச் சார்ந்து இயங்குவதால் இப்பிரிவுக்கு மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ் என்று பெயர். பிற நொதிகளை முடக்கப் பயன்படும் கிளாவுலனிக் அமிலம் போன்ற துணைமருந்துகள் இவற்றை முடக்குவதில்லை. என்.டி.எம்.-1 இப்பிரிவைச் சார்ந்தது.

கண்டறிதலும் சென்னையும்

இந்தியாவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, இந்திய வம்சாவளியினரான சுவீடன் நாட்டவர் ஒருவரின் சிறுநீரிலிருந்து 2008ஆம் ஆண்டில் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. கார்பாபெனம் உள்ளிட்ட மருந்துகள் அதனிடம் செல்லவில்லை. அதிலிருந்த நொதி, அதுவரை அறியப்பட்டவற்றோடு குறைவான ஒப்புமையே கொண்டிருந்தது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோத்தி வால்ஷ் உள்ளிட்ட குழுவினர் அதனை 2009இல் விவரித்து ‘நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்’ என்று பெயரிட்டனர். அதன் சுருக்கமே என்.டி.எம். அதே நோயாளியின் மலத்திலிருந்த ஈ. கோலை பாக்டீரியாவிலும் இம்மரபணு இருந்தது என்பது அக்கட்டுரையின் மிக முக்கியமான செய்தியாகும். ஒரு மனித உடலுக்குள்ளேயே மரபணு ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்குத் தாவியிருக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

தாவுதற்குரிய ஊர்தி பிளாஸ்மிட் ஆகும். பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமுக்குப் புறம்பாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம் அது. இரு பாக்டீரியாக்கள் நுண்குழல் ஒன்றால் இணையும்போது பிளாஸ்மிட்டின் படி ஒன்று மற்றதற்குச் சென்றுவிடுகிறது. தாய் செல்லிலிருந்து சேய் செல்லுக்கு இறங்குவது மரபு வழி. இதுவோ பக்கத்து வீட்டாரிடம் கைமாற்றாகப் பெறுவது. அதுவும் தனியே வருவதில்லை. வேறு பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் அதே பிளாஸ்மிட்டில் ஏறி வருகின்றன. ஆகவே ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலும் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் உடன் தேர்வாகிறது. அறிக்கையில் ‘ஆர்’ என்னும் எழுத்து கூட்டமாக வருவதற்கு இதுவே காரணம்.

2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையில் சென்னை இடம்பெறுகிறது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்தவர். அப்போது ஆய்வு மாணவர். சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என என்.டி.எம்.-1 உடைய பாக்டீரியா மாதிரிகளை அவ்வாய்வு கண்டறிந்தது. அவற்றுள் 111 கிளெப்சியெல்லா நிமோனியே, 36 ஈ. கோலை. டைஜிசைக்ளின், கோலிஸ்டின் ஆகிய இரண்டையும் தவிர்த்து, பிற மருந்துகள் பெரும்பாலும் பயனளிக்கவில்லை.

எண்ணிக்கையைக் காட்டிலும் கருதத்தக்க செய்தி ஒன்று அதில் உண்டு. அரியானாவின் கிளெப்சியெல்லா மாதிரிகள் ஒரே குலத்தைச் சார்ந்தவை. அதாவது ஒரே கிருமி ஒருவரிடமிருந்து ஒருவர்க்குப் பரவியிருக்கிறது. சென்னை மாதிரிகளும் பிரித்தானிய மாதிரிகளும் பல குலங்களைச் சார்ந்தவை. இங்கே பரவியது கிருமி அன்று, மரபணு. முன்னதனைக் கைகழுவுதலாலும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதாலும் தடுத்துவிடலாம். பின்னது ஏற்கெனவே ஊருக்குள் பலவிடங்களில் குடியேறிவிட்டது என்பதற்கு அடையாளம். சென்னையின் 44 என்னும் எண் ஊடகங்களில் பேசப்பட்ட அளவுக்கு இவ்வேறுபாடு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பெயரால் விளைந்த பூசல்

அவ்வாய்வு இந்தியாவில் பெரும் எதிர்வினையை எழுப்பியது. பிரித்தானிய நோயாளிகளுள் பலர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்று வந்தவர்கள் என்பதையும், சிலர் அங்கே மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையும் கட்டுரை சுட்டியது. அறுவை சிகிச்சைக்காக இந்தியா செல்வது குறித்த எச்சரிக்கையும் அதில் இருந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கும் முயற்சி என்று அரசு தரப்பில் கண்டனம் எழுந்தது. முதல் ஆசிரியரே கட்டுரையின் சில முடிவுகளில் தமக்கு உடன்பாடில்லை என்று கூறியதாகச் செய்திகள் வந்தன. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர்க்கு அந்நிலை எத்துணை இக்கட்டானது என்பதை ஆய்வு மாணவர் எவரும் உணர்வர்.

பெயரிடுதல் குறித்து இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இந்நொதிகளுக்கு ஊர்ப் பெயரிடும் வழக்கம் முன்னரே இருந்தது. ‘விம்’ என்பதில் இத்தாலியின் வெரோனா இருக்கிறது, ‘எஸ்.பி.எம்.’ என்பதில் பிரேசிலின் சாவோ பாவ்லோ இருக்கிறது. ‘சிம்’ என்பதில் சியோல் இருக்கிறது. எனவே டெல்லி தனித்துக் குறிவைக்கப்பட்டது என்பது முழுதும் சரியன்று. ஆயினும், அமெரிக்காவின் வட கரோலினாவில் முதலில் கண்டறியப்பட்ட மற்றொரு கார்பாபெனமேஸ் ஊர்ப் பெயரின்றிக் ‘கே.பி.சி.’ என்று பாக்டீரியாவின் பெயராலேயே வழங்குகிறது. வழக்கம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. 2011 ஜனவரியில் லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், டெல்லியின் பெயரைச் சூட்டியமைக்கு வருத்தம் தெரிவித்தார். புதிய தொற்றுநோய்களுக்கு இடப்பெயரைச் சூட்டுதல் கூடாது என 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நொதியின் பெயர் மட்டும் மாறவில்லை.

இக்கட்டுரையாளரின் கருத்தில், இப்பூசலால் நேர்ந்த இழப்பு காலம். பெயர் நியாயமா என்னும் விவாதத்தில் பல மாதங்கள் கழிந்தன. 2006ஆம் ஆண்டிலேயே இந்திய மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டுச் சேமிக்கப்பட்ட மாதிரிகளில் இம்மரபணு இருந்தது பின்னர்த் தெரியவந்தது. அதாவது, பெயர் சூட்டப்படுமுன்னரே அது இங்கு இருந்தது.

மருத்துவமனை ஏன் களமாகிறது

எதிர்ப்புக் கிருமி எங்கும் இருக்கக்கூடும் எனினும், மருத்துவமனையில் அது பெருகுவதற்கு மூன்று சூழல்கள் ஒருங்கே வாய்க்கின்றன. அங்கே மருந்துகளின் அழுத்தம் மிகுதி. அங்குள்ளோர் உடல்நலம் குன்றியோர். அவர்தம் உடலின் இயற்கை அரண்களைக் கடந்து குழாய்கள் செருகப்பட்டுள்ளன. சிறுநீர்க் குழாய், மூச்சுக்குழாய், இரத்தநாளக் குழாய் ஆகியவற்றின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு பிசினைப் போன்ற படலத்தை உருவாக்கி, அதனுள் வாழ்கின்றன. அப்படலத்துக்குள் மருந்து எளிதிற் செயற்படுவதில்லை; பல இனங்கள் நெருங்கி வாழ்வதால் பிளாஸ்மிட் கைமாறுவதற்கும் அது வாய்ப்பான இடம். எனவேதான் தேவை தீர்ந்த குழாயை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அகற்றுவது, புதிய மருந்தைத் தேடுவதற்கு நிகரான தடுப்பாகிறது. கைகழுவும் தொட்டியின் வடிகாலும் இத்தகைய படலத்தின் உறைவிடம் என்பது பல நாட்டு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டுள்ளது.

கிருமியை ஒருவரிடமிருந்து ஒருவர்க்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் கையே. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்து பிரசவ வார்டின் இறப்புகளைக் குறைத்தார். தொழில்நுட்பம் ஏதும் வேண்டாத அச்செயல் இன்றும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பல படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்னும் நிலையில், ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் பின்னும் கைகழுவுக என்னும் விதியைச் சுவரில் ஒட்டுவது எளிது, கடைப்பிடிப்பது அரிது. இதனைச் செவிலியரின் கவனக்குறைவாகக் காண்பது பிழை.

சுவருக்கு வெளியே

வால்ஷ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைச் சுவரைக் கடந்தது. புதுடெல்லியில் எடுக்கப்பட்ட 171 தேங்குநீர் மாதிரிகளுள் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளுள் 2இலும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே உள்ளிட்ட பாக்டீரியாக்களிலும் அது காணப்பட்டது. மரபணு கைமாறுதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் மிகுதியாக நிகழ்ந்தது என்பது, நம் தட்பவெப்பத்தை எண்ணும்போது கவலைக்குரியது. பின்னர், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மண்ணிலும் இம்மரபணு கண்டறியப்பட்டதை 2019இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது.

ஆகவே, மருத்துவமனைக் கிருமி என்னும் சொல்லே ஓரளவுதான் பொருந்தும். மலக்கழிவு குடிநீரோடு கலக்கும் ஊரில், மருந்தையே உண்ணாதவர் குடலிலும் எதிர்ப்பு மரபணு குடியேறலாம். அவர் அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது அது அவரோடு செல்கிறது.

சட்டமும் பிரகடனமும்

2012 ஆகஸ்டில் சென்னையில் இந்திய மருத்துவ அமைப்புகள் பலவற்றின் பேராளர்கள் கூடினர். அக்கூட்டத்தின் விளைவாக உருவான செயற்றிட்டம் ‘சென்னைப் பிரகடனம்’ என வழங்கப்படுகிறது. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் அதன் ஒருங்கிணைப்பாளர். அதன் அணுகுமுறை எளிமையானது: குறையற்ற சட்டத்திற்குக் காத்திராமல், நடைமுறைக்கு ஏற்றதை உடனே தொடங்குதல். மருத்துவர் இல்லாச் சிற்றூர்களில் மருந்துச்சீட்டு இன்றி எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் தரலாகாது என்று விதித்தால், சாதாரண நிமோனியாவுக்கும் மருந்தின்றிக் குழந்தைகள் இறக்க நேரிடும். எனவே முதற்கட்டமாக உயர்நிலை மருந்துகளுக்கு மட்டும் கட்டுப்பாடு என்பது அதன் வாதம். மருந்துக்கடைக்குச் சென்று “காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க” என்று கேட்கும் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் ஊதியத்தையும் எண்ணிய வாதம் இது.

2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ அட்டவணை அவ்வழியில் அமைந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்கள், கார்பாபெனம்கள் உள்ளிட்ட 46 மருந்துகள் அதில் இடம்பெற்றன. இவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும். கோழி முதலிய உணவு விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. மனிதர்க்குக் கடைசி மருந்தாக எஞ்சிய ஒன்றைத் தீவனத்தில் கலந்துவந்தோம் என்பதை இத்தடை வந்த பிறகே பலர் அறிந்தனர்.

எஞ்சிய மருந்துகள்

கோலிஸ்டின் 1940களின் இறுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்ட பழைய மருந்து. சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்டது. வேறு வழியின்மையால் மீண்டும் எடுக்கப்பட்டது. 2015இல் சீனாவில், கோலிஸ்டினுக்கான எதிர்ப்பும் பிளாஸ்மிட்டில் பயணம் செய்வது அறியப்பட்டது. 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு நோயாளி இறந்தார். அவரிடமிருந்த கிளெப்சியெல்லா, அந்நாட்டில் கிடைத்த 26 மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அதில் என்.டி.எம். இருந்தது.

நம்பிக்கைக்கும் ஓர் இடமுண்டு. என்.டி.எம். நொதியால் அஸ்ட்ரியோனம் என்னும் மருந்தைச் சிதைக்க இயலாது. ஆனால் என்.டி.எம். உடைய பாக்டீரியாவில் அஸ்ட்ரியோனத்தைச் சிதைக்கும் வேறு நொதிகளும் பெரும்பாலும் உடனிருக்கும். அவிபாக்டம் என்னும் துணைமருந்து அவ்வேறு நொதிகளை முடக்கும், என்.டி.எம்.-ஐ முடக்காது. இரண்டையும் ஒருங்கே கொடுத்தால், ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இக்கூட்டுமருந்து 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. விலை எத்தனைக் குடும்பங்களுக்கு எட்டும் என்பது வேறு வினா.

சொல்லும் பொருளும்

இனி, முன்னுரையில் கூறிய அறிக்கைக்குத் திரும்பலாம். தமிழில் உடலின் நோய்த்தடுப்பு ‘எதிர்ப்புச் சக்தி’. கிருமியை அழிக்கும் மருந்து ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’. அம்மருந்துக்குக் கிருமி காட்டுவதும் ‘எதிர்ப்பு’. போதாக்குறைக்கு, உடல் சுரக்கும் தற்காப்புப் புரதத்தைப் பாடநூல்கள் ‘எதிர்ப்பொருள்’ என்கின்றன; மருந்தை ‘உயிர் எதிர்ப்பொருள்’ என்கின்றன. ‘எதிர்ப்பிக்கு எதிர்ப்பு’ என்னும் தொடரைக் கேட்பவர், யார் யாரை எதிர்க்கிறார் என்று மயங்குதல் இயல்பே.

‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்பது பூச்சிக்கொல்லி என்னும் வழக்கையொட்டி எளிதில் விளங்கும். அதிலும் தடை உண்டு. டெட்ராசைக்ளின் போன்றவை பாக்டீரியாவைக் கொல்வதினும் அதன் பெருக்கத்தை நிறுத்துபவை. மேலும், வைரசும் நுண்ணுயிர்தான், அதனை இம்மருந்துகள் தொடுவதில்லை. ‘தாங்குதிறன்’ என்பது எதிர்ப்புக்கு நல்ல மாற்றாகத் தோன்றும். ஆனால் நுண்ணுயிரியலில், மருந்தைச் சிறிதுகாலம் தாக்குப்பிடிக்கும் வேறொரு நிலையைக் குறிக்கத் தாங்குதன்மை என்னும் சொல் வேண்டப்படுகிறது. எதனையும் முழுநிறைவானது என்று சொல்வதற்கில்லை. இக்கட்டுரையில் ‘நுண்ணுயிர்க்கொல்லி’, ‘மருந்தெதிர்ப்பு’ என்பன கையாளப்பட்டது ஓரளவு வசதி கருதியே.

கலைச்சொல் ஆய்வரங்கிற்கு வேண்டியது. நோயாளியின் கையிலிருக்கும் தாளுக்கு மக்கள் வழக்கே போதும். “இந்த மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கும்”, “அந்த ஊசிக்குக் கேட்கவில்லை” என்று நம் வீடுகளில் அன்றாடம் சொல்கிறோம். அங்கே கேட்பதும் கேட்காததும் நோய்தான் என்பதில் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. கல்ச்சர் அறிக்கையில் ‘எஸ்’, ‘ஆர்’ என்னும் எழுத்துகளுக்கு அருகே ‘கிருமி இம்மருந்துக்குக் கேட்கும்’, ‘கேட்காது’ என்று அச்சிடுவதற்கு ஒரு வரிகூட மிகாது. உறவினரின் அறிக்கையில் கோலிஸ்டினுக்கு எதிரே மட்டும் வேறு எழுத்து இருந்தது. பதினான்கு நாள்கள், நாள்தோறும் சிறுநீரகப் பரிசோதனையோடு, அம்மருந்து அவர்க்குச் செலுத்தப்பட்டது; கேட்டது.